ஒரு கோடிக்கு ஒன்று குறைவு

உங்கள் மாமாவோ சித்தப்பாவோ 1990களில் பள்ளிக்கூடம் போனவராக இருந்தால், 'டிவி கேம்' என்று சொல்லிப் பாருங்கள். கோடை விடுமுறை முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்து வீட்டில் திட்டு வாங்கிய கதைகள் வரிசையாக வரும். ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதிலிருந்து டிவிக்குப் போகும் ஒயர், இரண்டு ஜாய்ஸ்டிக், மேலே செருகும் கேசட். சாமான் அவ்வளவுதான். கேசட்டுகள் பலவற்றின் மேல் பெரிய எழுத்தில் ஓர் எண் அச்சிட்டிருக்கும்: '9999999 இன் 1'. ஒரே கேசட்டுக்குள் ஒரு கோடிக்கு ஒன்று குறைவான விளையாட்டுகளாம்!

நாமே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். அந்தப் பெட்டியில் எல்லோரும் விளையாடிய 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' மொத்தம் 40 கிலோபைட் அளவுள்ளது. நிரலுக்கு 32, படங்களுக்கு 8. ஒரு விளையாட்டுக்கு 40 கிலோபைட் என்றால் ஒரு கோடி விளையாட்டுக்கு 40 கோடி கிலோபைட். அதாவது ஏறத்தாழ 400 ஜிகாபைட். இன்றைக்கு 128 ஜிபி கைபேசி மூன்றை வாங்கி அடுக்கினாலும் அவ்வளவும் அதில் அடங்காது. 1990களின் மலிவான கேசட்டில் அடங்கியிருக்க வழியே இல்லை.

உள்ளே இருந்தவை சில விளையாட்டுகள்தான். பட்டியலில் 1ஆம் எண்ணிலும் மரியோ, 15ஆம் எண்ணிலும் மரியோ. 15ஆம் எண்ணை அழுத்தினால் ஆட்டம் மூன்றாம் உலகத்திலிருந்து தொடங்கும், அல்லது உயிர்கள் கூடுதலாக இருக்கும். பட்டியலைக் காட்டும் சிறு நிரல், விளையாட்டைத் தொடங்கும் முன் நினைவகத்தில் ஓர் எண்ணை மாற்றி எழுதிவிடும். மாற்றம் அந்த ஓர் எண்ணில்தான். பெயரையும் மாற்றிவிட்டால் பட்டியலில் புதிய விளையாட்டு ஒன்று கூடிவிடும்.

கேசட் மட்டும் இல்லை, அது செருகப்பட்ட பெட்டியே நகல்தான். நம்மூரில் அப்போது விற்ற டிவி கேம்களில் பெரும்பாலானவை ஜப்பானில் பிறந்த ஒரே கருவியின் நகல்கள். அதன் பெயர் ஃபாமிகாம். நின்டெண்டோ நிறுவனத்தில் மசாயுகி உவெமுரா என்ற பொறியாளர் தலைமையில் உருவாகி, 1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் இதற்கு வேறு பெயர், வேறு உருவம். உலகம் முழுக்க நின்டெண்டோ விற்ற உண்மையான கருவிகள் 6 கோடியே 19 லட்சம். அனுமதி இல்லாமல் செய்யப்பட்ட நகல்கள் அந்தக் கணக்கில் சேராது.

ஒரு கருவியை எப்படி நகலெடுப்பது? வெளிப் பெட்டியைப் பார்த்து அச்சு வார்ப்பது சுலபம். உள்ளே இருக்கும் சிப்பை அப்படிப் பார்த்துச் செய்ய முடியாது. முதலில் அது என்ன வேலை செய்கிறது என்று புரிந்தாக வேண்டும். நமக்கும் புரியட்டும்; உள்ளே போய்ப் பார்ப்போம்.

ஃபாமிகாமின் பலகையில் இரண்டு முக்கியச் சிப்புகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 40 கால்கள். இரண்டையும் செய்து கொடுத்தது ரிக்கோ என்ற ஜப்பானிய நிறுவனம். ஒன்று கணக்குப் போடும், ஒலி எழுப்பும். இன்னொன்று படம் வரையும். கணக்குப் போடும் சிப்புக்குக் கிடைத்த வேலை நினைவகம் 2 கிலோபைட். இந்தக் கட்டுரையின் பெரிய பத்தி ஒன்றைச் சேமித்தாலே அது நிறைந்துவிடும். படம் வரையும் சிப்புக்கும் அதே 2 கிலோபைட்தான்.

இங்கே ஒரு சிக்கல். திரையில் 256 புள்ளிகள் அகலம், 240 புள்ளிகள் உயரம். பெருக்கினால் 61,440 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 2 பிட் என்றாலும் 15,360 பைட் வேண்டும். கையில் இருப்பதோ 2,048 பைட். எப்படிச் சமாளித்தார்கள்?

திரையை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்தார்கள். குறுக்கே 32, நெடுக்கே 30, மொத்தம் 960 கட்டங்கள். கட்டத்துக்குள் வரும் படம் கேசட்டிலேயே இருக்கும். ஒரு படத்துக்கு 16 பைட் போதும். எந்தக் கட்டத்தில் எத்தனையாவது படம் என்ற எண்ணை மட்டும் நினைவகத்தில் வைத்தால் 960 பைட்டில் ஒரு திரை முடிந்துவிடும். நிறங்களைச் சொல்ல இன்னும் 64 பைட். ஆக 1,024. இரண்டு திரைகளுக்கு 2,048! துளிகூட வீணில்லாத கணக்கு. மரியோ விளையாட்டில் வானத்து மேகத்தையும் தரையில் இருக்கும் புதரையும் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே வடிவம். ஒரே கோல அச்சில் ஒரு முறை வெள்ளைப் பொடியும் மறுமுறை பச்சைப் பொடியும் போட்டது மாதிரி, நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இடம் இல்லாத இடத்தில் ஒரு உலகத்தையே கட்டிய அந்த மனிதர்களின் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

இப்போது மரியோ திரையின் மேல் வரிசைக்கு வாருங்கள். மதிப்பெண், அதன் பக்கத்தில் ஒரு சிறு நாணயம், நேரம். மரியோ ஓடும்போது கீழே உள்ள உலகம் முழுக்க இடப்பக்கம் நகர்கிறது. மேல் வரிசை மட்டும் அசையாமல் நிற்கிறது. படம் வரையும் சிப்புக்கு மொத்தத் திரையையும் நகர்த்தத்தான் தெரியும். மேலே ஒரு பகுதியை நிறுத்தி வைக்கத் தெரியாது. ரகசியம் அந்த நாணயத்தில் இருக்கிறது. நாணயத்தின் அடிப்பகுதிக்குப் பின்னால், நகரும் உருவங்களில் முதலாவது ஒளிந்திருக்கிறது. டிவி மேலிருந்து கீழாக வரிவரியாக வரைந்துகொண்டே வரும்போது, அந்த உருவத்தைத் தொட்டதும் படச் சிப்பு ஒரு கொடியைத் தூக்கும். "மேல் வரிசை முடிந்தது" என்று அதற்குப் பொருள். விளையாட்டின் நிரல் அந்தக் கொடிக்காகவே காத்திருந்து, தூக்கிய கணத்தில் மீதித் திரையை நகர்த்துகிறது.

நகல் செய்பவர் இந்தக் கொடியைக் கவனிக்காமல் விட்டுவிட்டால்? நிரல் காத்துக்கொண்டே இருக்கும். ஆட்டம் அப்படியே உறைந்துவிடும். நகலெடுப்பதில் உள்ள சிரமம் இதுதான். சிப்பின் பெரிய வேலைகளை மட்டும் செய்தால் போதாது, அதன் சின்னச் சின்னப் பழக்கங்களையும் செய்ய வேண்டும். குறைகளையும்கூடச் செய்ய வேண்டும். ஒரே வரியில் எட்டு நகரும் உருவங்களுக்கு மேல் உண்மையான சிப்பால் வரைய முடியாது. ஒன்பதாவது காணாமல் போகும். அதனால் நிரல் எழுதியவர்கள் உருவங்களை முறை வைத்து மாற்றி மாற்றிக் காட்டினார்கள். எதிரிகள் கூட்டமாக வரும்போது திரை மினுக்கியது அதனால்தான். அந்த மினுக்கலும் நகல்களில் அப்படியே வந்தது.

சிப்பின் ரகசியத்தை அறிய இரண்டு வழிகள் உண்டு. 40 கால்களிலும் கருவிகளை இணைத்து, என்ன கொடுத்தால் என்ன வருகிறது என்று பொறுமையாகக் குறித்துக்கொண்டே போவது ஒரு வழி. மேலே உள்ள உறையை அமிலத்தால் கரைத்து, உள்ளே இருக்கும் சிலிக்கானை நுண்ணோக்கியில் அடுக்கடுக்காகப் படம் எடுத்து, ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்டர்களைப் பின்தொடர்ந்து வரைபடம் போடுவது இன்னொரு வழி. இரண்டுக்குமே மின்னணுவியலை நன்றாகக் கற்றவர்கள் வேண்டும். தைவானில் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். அங்கே 1980-இல் தொடங்கப்பட்ட யு.எம்.சி. என்ற சிப் நிறுவனம் இந்த இரண்டு சிப்புகளுக்கும் தன் சொந்த வடிவங்களைச் செய்தது. கணக்குச் சிப்பின் எண் யூ.ஏ. 6527. படச் சிப்பின் எண் யூ.ஏ. 6538.

ரிக்கோவின் சிப்பைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். அதன் மையப் பகுதி ரிக்கோ யோசித்தது இல்லை. அமெரிக்காவின் எம்.ஓ.எஸ். டெக்னாலஜி 1975-இல் வெளியிட்ட 6502 என்ற புகழ்பெற்ற சிப்பின் வடிவம் அது. 6502-இல் பத்தடிமான எண்களை நேரடியாகக் கூட்டும் பகுதி ஒன்று உண்டு. அந்தப் பகுதிக்கு எம்.ஓ.எஸ். அமெரிக்கக் காப்புரிமை வாங்கியிருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஃபாமிகாமின் சிப்பில் அதே பகுதி இருக்கிறது, ஆனால் அதற்குப் போகும் இணைப்புகள் மட்டும் வெட்டப்பட்டிருக்கின்றன. ஏன் வெட்டினார்கள் என்று நீங்களே யோசியுங்கள்.

நகல் பெட்டிகள் பல நாடுகளுக்குப் போயின. போலந்தில் அதன் பெயர் பெகாசஸ். பிரேசிலில் ஃபாண்டம் சிஸ்டம். அதைச் செய்த கிராடியன்டே நிறுவனம் பின்னாளில் நின்டெண்டோவின் அதிகாரபூர்வக் கூட்டாளியாகவே ஆனது. சீனாவில் சூபோர் என்ற நிறுவனம் பெட்டியோடு தட்டச்சுப் பலகையைச் சேர்த்து 'கற்கும் கருவி' என்று விற்றது. ஜாக்கி சான் அதன் விளம்பரத்தில் நடித்தார். பாடம் படிக்கத்தான் என்று பெற்றோரிடம் சொல்லி வாங்கிய பிள்ளைகள் அங்கே நிறைய. சூபோரை நடத்திய துவான் யுங்பிங் 1995-இல் விலகிப் போய் வேறு நிறுவனம் தொடங்கினார். உங்கள் வீட்டில் யாராவது வைத்திருக்கக்கூடிய ஓப்போ, விவோ கைபேசிகளின் வேர் அந்த நிறுவனத்தில் இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய கதை ரஷ்யாவில் நடந்தது. சோவியத் ஒன்றியம் கலைந்து ஓராண்டு ஆகியிருந்தது. நின்டெண்டோ அங்கே கடை விரித்திருக்கவில்லை. விக்டர் சாவ்யுக் என்ற இளைஞருக்கு அந்த வெற்றிடம் கண்ணில் பட்டது. ஸ்டீப்லர் என்ற கணினி நிறுவனத்தின் துணையோடு, தைவான் நகலுக்கு 'டெண்டி' என்று பெயர் சூட்டி 1992 டிசம்பரில் விற்பனையைத் தொடங்கினார். இவான் மாக்சிமோவ் என்ற அசைபடக் கலைஞர் அதற்கு ஒரு குட்டி யானையை வரைந்து கொடுத்தார். செர்கேய் சூபோனெவ் தொகுத்து வழங்கிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் டெண்டி விளையாட்டுகள் இடம்பெற்றன. ரஷ்யப் பிள்ளைகளுக்கு ஃபாமிகாம் என்ற பெயரே தெரியாது, டெண்டிதான் தெரியும். 1994-இல் நின்டெண்டோவே ஸ்டீப்லரோடு ஒப்பந்தம் போட்டது. நின்டெண்டோவின் அடுத்த கருவியை ஸ்டீப்லர் ரஷ்யாவில் விற்கும், டெண்டி பற்றி நின்டெண்டோ வழக்குக்குப் போகாது என்று முடிவானது.

டெண்டியை ரஷ்யாவில் ஓட வைக்க ஓர் அறிவியல் தடையைத் தாண்ட வேண்டியிருந்தது. ஜப்பானிய டிவி விநாடிக்கு 60 படம் காட்டும். ஒரு படத்துக்கு 262 வரிகள். ரஷ்ய டிவி விநாடிக்கு 50 படம். ஒரு படத்துக்கு 312 வரிகள். இந்திய டிவியும் அந்த 50 வகைதான். 240 வரிகளில் படம் முடிந்த பிறகு, அடுத்த படம் தொடங்கும் முன் சிறிது நேரம் திரை சும்மா இருக்கும். அப்போது படச் சிப்பு "இப்போது நீ வேலை செய்யலாம்" என்று கணக்குச் சிப்புக்கு ஒரு சமிக்ஞை அனுப்பும். ஜப்பானியக் கருவியில் சமிக்ஞையிலிருந்து அடுத்த படம் வரை 20 வரி நேரம். விளையாட்டு எழுதியவர்கள் அந்த 20-ஐ நம்பியே எழுதினார்கள். ஐரோப்பாவுக்காக நின்டெண்டோ செய்த கருவியில் அது 70 வரியாக நீண்டது. கணக்குச் சிப்பின் வேகமும் குறைந்தது. அதனால் சில ஜப்பானிய விளையாட்டுகள் அதில் தடுமாறின.

தைவான் பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கூடுதலாக வந்த 50 வரிகளையும் சமிக்ஞைக்கு முன்னால் தள்ளிவிட்டார்கள்! படம் முடியும், 50 வரி நேரம் சும்மா கழியும், அதன் பிறகே சமிக்ஞை போகும். அங்கிருந்து அடுத்த படம் வரை மறுபடியும் அதே 20 வரிதான். ஜப்பானிய விளையாட்டுக்கு வித்தியாசம் தெரியவே தெரியாது. பிறர் கருவியை அனுமதி இல்லாமல் எடுத்தார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும், இந்த யோசனை அசல் யோசனை. ஒரே ஒரு மாற்றம்: விநாடிக்கு 60-க்குப் பதில் 50 என்பதால் ஆட்டமும் இசையும் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் நடக்கும். ஒரு நிமிடப் பாட்டு 72 விநாடி ஓடும்.

அத்தனை கவனமாகச் செய்தவர்களும் ஓரிடத்தில் சறுக்கினார்கள். அது ஒலியில். ஃபாமிகாமின் இரண்டு ஒலித்தடங்கள் சதுர அலைகளை எழுப்பும். அலை ஒரு சுற்றில் எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதைப் பொறுத்துக் குரல் மாறும். நம் பழைய வாய்ப்பாட்டில் வரும் அளவுகளே இங்கே வருகின்றன: அரைக்கால், கால், அரை, முக்கால். அரைக்கால் என்றால் கீச்சென்று மெலிந்த ஒலி. அரை என்றால் குழல் போன்ற உருண்டையான ஒலி. கால் இரண்டுக்கும் நடுவே. முக்கால் காதுக்குக் கால் போலவே கேட்கும். எது வேண்டும் என்று நிரல் இரண்டு பிட்டில் சொல்லும்: 00 அரைக்கால், 01 கால், 10 அரை, 11 முக்கால்.

யு.எம்.சி.யின் சிப்பில் 01 என்று சொன்னால் அரை வருகிறது, 10 என்று சொன்னால் கால் வருகிறது. 00, 11 இரண்டும் சரி. ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டு பிட்டுகளும் இடம் மாறி உட்கார்ந்தால் 00-வும் 11-உம் மாறாது. 01 மட்டும் 10 ஆகும், 10 மட்டும் 01 ஆகும். சிப்பின் அறிகுறி அதோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. சுருதி மாறவில்லை, மெட்டு மாறவில்லை, குரல் மட்டும் மாறியது. டெண்டியில் வளர்ந்த ரஷ்யப் பிள்ளைகளுக்கு அந்த மாறிய குரல்தான் மரியோவின் குரல். வளர்ந்த பிறகு அசல் கருவியில் கேட்டபோது அதுவே பலருக்குத் தப்பாகப் பட்டது.

பிறகு சிப்புகள் சுருங்கின. கணக்குச் சிப்பு, படச் சிப்பு, நினைவகம் எல்லாம் ஒரே சிலிக்கான் துண்டுக்குள் போயின. அதற்கு உறையோ கால்களோ கிடையாது. துண்டைப் பலகையில் ஒட்டி, முடியைவிட மெல்லிய கம்பிகளால் இணைத்து, மேலே கறுப்புப் பிசின் ஒரு சொட்டு விட்டுவிடுவார்கள். விலை மளமளவென்று சரிந்தது. ஜாய்ஸ்டிக்குக்குள்ளேயே முழுக் கருவியும் அடங்கிவிட்டது. அசல் ஜாய்ஸ்டிக்கில் இரண்டு சுடும் பொத்தான்கள்தான். நகலில் நான்கு. கூடுதல் இரண்டும் டர்போ; ஒரு சிறு மின்சுற்று பொத்தானை விநாடிக்குப் பலமுறை தானே அழுத்தி விடுவிக்கும். அசலில் இரண்டாம் ஜாய்ஸ்டிக்கில் ஒரு மைக் இருந்தது. செலவை மிச்சம் பிடிக்கப் பெரும்பாலான நகல்கள் அதை விட்டுவிட்டன.

இந்த நகல் பெட்டிகள் இல்லையென்றால் ரஷ்யாவிலும் சீனாவிலும் நம் தெருக்களிலும் எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்த மகிழ்ச்சி எட்டியிருக்காது. அசலின் விலை அவர்களால் நெருங்க முடியாதது. அதை நான் மனதாரச் சொல்வேன். ஆனால் மனதை உறுத்தும் ஒன்றும் இருக்கிறது. மரியோவின் முதல் திரையில், தலைப்புக்குக் கீழே, 1985 என்ற ஆண்டும் நின்டெண்டோ என்ற பெயரும் ஒரு வரியாக இருக்கும். திருட்டுக் கேசட்டுகள் பலவற்றில் அந்த வரி இல்லை. கட்டங்களைப் பற்றிப் படித்தீர்களே, அதே வழியில்தான் அழித்தார்கள்: எழுத்துகளின் எண் இருந்த இடத்தில் வெற்றுக் கட்டத்தின் எண்ணைப் போட்டால் போதும். ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்த உலகம், கோஜி கோண்டோ போட்ட இசை, ஒரு பைட்டையும் வீணாக்காத நிரல் எல்லாம் இருந்தன. எங்கிருந்து வந்தது என்று சொல்லும் அந்த ஒரு வரியைத்தான் எடுத்துவிட்டார்கள். கொடியை விடாமல் நகலெடுத்தார்கள், மினுக்கலை விடாமல் நகலெடுத்தார்கள், பெயரை மட்டும் விட்டார்கள். இது தவறு.

சட்டம் இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கிறது. கருவி வேலை செய்யும் முறைக்கு உள்ளது காப்புரிமை. அது பொதுவாக 20 ஆண்டில் முடியும். ஃபாமிகாமின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. அதனால் பழைய கேசட்டைச் செருகினால் ஓடும் புதிய பெட்டிகளை இன்று வெளிப்படையாகவே செய்து விற்கிறார்கள். கேசட்டில் உள்ள விளையாட்டு படமும் இசையும் நிரலும் சேர்ந்த படைப்பு. அதற்கு உள்ளது பதிப்புரிமை; அது பல பத்தாண்டுகள் நீடிக்கும். மரியோவை அனுமதி இல்லாமல் உள்ளே ஏற்றி விற்பது இன்றைக்கும் குற்றமே.

யார் வீட்டுப் பரணிலாவது பழைய டிவி கேம் கிடந்தால், மின் இணைப்பு எதுவும் இல்லாதபோது, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றிப் பாருங்கள். கறுப்புச் சொட்டு ஒன்று மட்டும் தெரிந்தால் அது பிற்காலத்துப் பெட்டி. பக்கத்துக்கு இருபது கால்கள் வைத்த இரண்டு நீளச் சிப்புகள் தெரிந்தால் டார்ச் அடித்து மேலே உள்ள எண்ணைப் படியுங்கள். 6527 என்று இருந்தால் மூடி மாட்டி, டிவியில் இணைத்து மரியோவை ஓட விடுங்கள். அசல் கருவியில் பதிவு செய்த இசை இணையத்தில் கிடைக்கும். அதை முதலில் கேட்டுவிட்டு இதைக் கேளுங்கள். முதல் பத்து விநாடிக்குள்ளேயே இரண்டு பிட்டுகள் இடம் மாறியது காதில் விழுகிறதா என்று எங்களுக்கு எழுதுங்கள்.